சைன் அலை ஆஸிலேட்டர்: அலை ஒரு வேலை, மின்னோட்டம் வேறு வேலை

சைன் அலை ஆஸிலேட்டர், அதாவது சீராக ஏறி இறங்கும் அலையை உண்டாக்கும் சுற்று, கட்ட உட்காருகிற பெரும்பாலோர் முதலில் அலைவெண்ணைத்தான் யோசிக்கிறார்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா, எந்த மின்தடை, எந்த மின்தேக்கி என்று கணக்குப் போட்டு, ஸ்கோப்பில் அழகான அலை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்புறம் சுமையை (அந்த அலை ஓட்ட வேண்டிய ஸ்பீக்கர், சுருள் போன்றதை) இணைத்தால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது, அல்லது அலையே நின்றுபோகிறது. கணக்கைச் சுமையிலிருந்து தொடங்கியிருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் காகிதத்திலேயே தெரிந்திருக்கும்.

சுமைக்குச் சுமை தேவை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். 10 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட ஒரு பெருக்கிக்கு 5 வோல்ட் ஆர்எம்எஸ் (சைன் அலையில் உச்ச மதிப்பை 1.414-ஆல் வகுத்தது) கொடுக்க உச்ச மின்னோட்டம் 0.7 மில்லி ஆம்பியர்தான். எந்த ஆப்-ஆம்பும் (ஐசி வடிவப் பெருக்கி) அதைக் கண்ணை மூடிக்கொண்டு தரும். அதே 5 வோல்ட்டை 50 ஓம் சுமைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் 100 மில்லி ஆம்பியர் ஆர்எம்எஸ், உச்சத்தில் 141. 8 ஓம் ஸ்பீக்கரில் வெறும் 1 வோல்ட் ஆர்எம்எஸ் வேண்டுமென்றாலும் உச்சம் 177 மில்லி ஆம்பியர் ஆகிவிடுகிறது. மோட்டாரின் கோண நிலையை அளக்கும் ரிசால்வருக்கு 10 கிலோஹெர்ட்ஸில் 7 வோல்ட் அளவில் தூண்டல் கொடுப்பது வழக்கம். அதன் சுருளின் மின்மறுப்பை (இம்பீடன்ஸ்) பொறுத்துப் பல பத்து மில்லி ஆம்பியரோ, 100-ஐத் தாண்டியோ தேவைப்படலாம்.

இந்தக் கணக்கில் ஆர்எம்எஸ் மதிப்பை வைத்து ஐசி தேர்ந்தெடுப்பது நிறையப் பேர் செய்கிற தவறு. டிரான்சிஸ்டரும் ஆப்-ஆம்பும் திணறுவது சராசரியில் அல்ல, உச்சத்தில். எனவே எல்லாவற்றையும் 1.414-ஆல் பெருக்கிய பிறகே டேட்டாஷீட்டைத் திறக்க வேண்டும்.

ஆப்-ஆம்ப் உண்மையில் எவ்வளவு தரும்?

டேட்டாஷீட்டில் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் என்று ஓர் எண் இருக்கும். 741-க்கு அது சுமார் 25 மில்லி ஆம்பியர், என்இ5532-க்கு 38 அளவில். இதைப் பார்த்துவிட்டு '25 கிடைக்கும்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியீட்டைத் தரையோடு (கிரவுண்ட்) சேர்த்துக் கட்டினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று எங்கே பிடித்து நிறுத்தும் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த எல்லைக்குப் பாதிதூரம் போவதற்குள்ளேயே வெளியீட்டு வீச்சு சுருங்கும், திரிபு (அலை வடிவம் கெடுவது) ஏறும். நம்ப வேண்டிய வரி வேறு: எந்தச் சுமையில் எவ்வளவு வீச்சு என்று உறுதி சொல்லும் வரி. டிஎல்072 போன்றவற்றுக்கு அந்த உறுதி 2 கிலோ ஓம் வரைதான், அதாவது சில மில்லி ஆம்பியர். என்இ5532 600 ஓம் சுமையை ஓட்டுவதற்கென்றே உருவானது, அதனால் ஆடியோ வேலையில் இன்றும் அதற்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் 50 ஓம், 8 ஓம் என்று வந்தால் இவை எதுவும் தனியாக உதவாது.

எல்எம்358 பற்றி ஒரு வார்த்தை. மலிவு, ஒற்றை சப்ளையில் ஓடும், எல்லோர் டப்பாவிலும் இருக்கும். ஆனால் அதன் வெளியீட்டு நிலை சைன் அலைக்கு ஏற்றதல்ல. மின்னோட்டத்தைத் தருவதிலிருந்து வாங்குவதற்கு மாறும் இடத்தில் கடப்புத் திரிபு கண்ணுக்கே தெரியும். வெளியீட்டிலிருந்து எதிர்மின் சப்ளைக்கு ஒரு மின்தடை போட்டு எப்போதும் தருகிற பக்கத்திலேயே நிறுத்திவைத்தால் திரிபு குறையும். ஆனால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் மின்னோட்டத்தில் அதுவும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும்.

மின்னோட்டம் போதுமானதாக இருந்தும் அலை முக்கோணமாகத் தெரிந்தால் குற்றவாளி ஸ்லூ ரேட், அதாவது வெளியீட்டு மின்னழுத்தம் மாறக்கூடிய அதிகபட்ச வேகம். சைன் அலையின் அதிகபட்ச சரிவு 2 × பை × அலைவெண் × உச்ச மின்னழுத்தம். 20 கிலோஹெர்ட்ஸில் 10 வோல்ட் உச்சத்துக்கு மைக்ரோவினாடிக்கு 1.26 வோல்ட் வேண்டும். 741 தருவது 0.5. அதனால் 10 வோல்ட் உச்சத்தில் அது சுமார் 8 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். என்இ5532 தருவது 9, இங்கே தாராளம்.

அலையை உண்டாக்கும் பகுதி

ஆடியோ அலைவெண்களில் தூய சைன் வேண்டுமென்றால் வீன் பாலம் இன்றும் முதல் தேர்வு. மாக்ஸ் வீன் 1891-இல் அந்தப் பாலத்தை அமைத்தது அளவிடுவதற்காக. அன்று அதை ஆஸிலேட்டராக்க பெருக்கி ஏதும் இல்லை. தொடராக ஓர் ஆர்சி (மின்தடை–மின்தேக்கி ஜோடி), இணையாக ஓர் ஆர்சி. இரண்டும் சேரும் புள்ளியில், 1 ÷ (2 × பை × ஆர் × சி) என்ற ஒரே ஓர் அலைவெண்ணில் மட்டும் கட்ட (ஃபேஸ்) வேறுபாடு பூஜ்ஜியமாகிறது, உள்ளே போன அலையில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வருகிறது. பெருக்கியின் கெயின் (பெருக்கும் மடங்கு) சரியாக 3 என்றால் அலை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். 10 கிலோ ஓமும் 16 நானோஃபாரடும் சேர்ந்தால் 995 ஹெர்ட்ஸ். கையில் 15 நானோஃபாரட் மட்டும் இருந்தால் 1061 வரும், மின்தடையைக் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்யலாம்.

கட்ட நகர்வு ஆஸிலேட்டரையும் பாடங்களில் பார்த்திருப்பீர்கள். மூன்று ஆர்சி, கெயின் 29. இயங்கும், ஆனால் அலைவெண்ணை மாற்ற மூன்று உறுப்புகளை ஒன்றாகத் திருப்ப வேண்டும், திரிபும் கூடுதல். நிலையான ஓர் அலைவெண் போதும் என்றால் தவிர மற்ற இடங்களில் நான் அதன் பக்கம் போகமாட்டேன்.

வீன் பாலத்தின் உண்மையான சிக்கல் அந்தக் 'சரியாக 3'. 2.99 என்றால் அலை மெல்லச் செத்துவிடும், 3.01 என்றால் சப்ளை வரை வளர்ந்து தட்டையாகும். மின்தடைகளைப் பொறுக்கியெடுத்து இதை அடைய முடியாது. வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே தவறிவிடும். அலை பெரிதானால் கெயின் தானாகக் குறைய வேண்டும். 1939-இல் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் ஹியூலெட் தன் ஆய்வேட்டில் காட்டிய வழி, எதிர்ப் பின்னூட்டப் பாதையில் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்பும் பாதையில்) ஒரு சிறு விளக்கை வைப்பது. மின்னோட்டம் கூடினால் இழை சூடாகி அதன் மின்தடை ஏறும், கெயின் இறங்கும். இழை ஒரு சுழற்சிக்குள் சூடாகிக் குளிர முடியாத அளவு மந்தமானது என்பதால் அலையின் வடிவம் கெடுவதில்லை. ஹியூலெட்–பேக்கார்ட் நிறுவனத்தின் முதல் பொருளான 200ஏ இந்த ஏற்பாட்டில்தான் வந்தது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும்போது அந்த மந்தம் போதாமல் போகும். அலைவெண்ணை மாற்றியவுடன் வீச்சு சில வினாடிகள் ஊஞ்சலாடுவதும் அதே மந்தத்தின் விளைவு.

விளக்குக்கு மின்னோட்டக் கணக்கிலும் ஓர் இடம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சூடான நிலையில் இழை 150 ஓம் என்று வையுங்கள். கெயின் 3 ஆக வேண்டுமானால் பின்னூட்ட மின்தடை 300 ஓம். மொத்தம் 450 ஓம். வெளியீடு 3 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் இந்தக் கிளையே 6.7 மில்லி ஆம்பியரை விழுங்குகிறது, உச்சத்தில் 9.4. வெளிச் சுமை ஒன்றுமே இல்லாதபோதே ஆப்-ஆம்ப் தன் கொள்ளளவில் ஒரு பெரும் பங்கைச் செலவழித்துவிட்டது.

விளக்குக்குப் பதில் இரண்டு டயோடுகளை எதிரெதிராகப் பின்னூட்ட மின்தடையில் ஒரு பகுதிக்கு இணையாகப் போடுவது சுலபமான வழி. இவை ஒவ்வொரு சுழற்சியிலும் அலையின் தோள்களைக் கொஞ்சம் அமுக்குவதால் ஒரு சதவீத அளவில் திரிபு வரும். ஸ்பீக்கரில் ஒலி கேட்க, ஒரு சென்சாரைத் தூண்ட இது போதும். பெருக்கியின் திரிபை அளக்க வேண்டுமானால் விளக்கோ, ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டரைக் கட்டுப்பாட்டு மின்தடையாக வைத்த சுற்றோ வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலரும் ஏடி9833 போன்ற டிஜிட்டல் சிப்புகளும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான், அலைவெண்ணைத் துல்லியமாக மாற்ற அவைதான் வசதி. ஆனால் ஏடி9833 தருவது உச்சிக்கு உச்சி 0.6 வோல்ட் அளவிலான ஒரு மெல்லிய அலை. எப்படி உண்டாக்கினாலும் கீழே வரும் பகுதியிலிருந்து தப்ப முடியாது.

மின்னோட்டம் தரும் பகுதி

ஆஸிலேட்டரின் ஆப்-ஆம்புக்குப் பின்னால் நேரே இரண்டு டிரான்சிஸ்டரைச் சேர்த்து, பின்னூட்டத்தை அந்த டிரான்சிஸ்டர்களின் வெளியீட்டிலிருந்து எடுக்கும் சுற்றுகள் உண்டு. உறுப்புகள் குறைவு, பார்க்க அழகு. எனக்கு அது பிடிப்பதில்லை. அலையின் உச்சி சுமையால் வெட்டுப்பட்டால் அதே வெட்டு வீன் பாலத்துக்குள்ளும் போகும், வீச்சைப் பிடித்து வைத்திருக்கும் விளக்கு குழம்பும். சுமை மாறும்போதெல்லாம் அலையும் கொஞ்சம் மாறும். ஆப்-ஆம்ப் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே ஒரே ஐசியில் வருகிறது. ஒரு பாதியை ஆஸிலேட்டருக்கு விட்டு, நடுவே வீச்சைக் கட்டுப்படுத்த ஒரு பொட்டன்ஷியோமீட்டர் வைத்து, மறு பாதியை டிரான்சிஸ்டர்களை ஓட்டுவதற்கு வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றையொன்று தொடாது. அப்போது சுமையை ஷார்ட் செய்தாலும் ஆஸிலேட்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

50 ஓம், 5 வோல்ட் ஆர்எம்எஸ், ±12 வோல்ட் சப்ளை என்ற கணக்கையே எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு என்பிஎன், ஒரு பிஎன்பி: பிடி139, பிடி140. எமிட்டர்கள் தலா 2.2 ஓம் வழியாக வெளியீட்டில் சேர்கின்றன. இரண்டு பேஸ்களையும் ஒன்றாக இணைத்து ஆப்-ஆம்பால் நேரே ஓட்டினால் என்ன? அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது இரண்டு டிரான்சிஸ்டரும் அணைந்திருக்கும். சுமார் 1.4 வோல்ட் அகலமுள்ள அந்த வெற்றிடத்தை ஆப்-ஆம்ப் தாவிக் கடக்க வேண்டும். பின்னூட்டம் இதைத் திருத்தும்தான். 100 ஹெர்ட்ஸில் நன்றாகவே திருத்தும். ஆனால் அலைவெண் ஏற ஏற ஆப்-ஆம்பின் மிச்ச கெயின் குறைந்துகொண்டே வரும். 10 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் உள்ள என்இ5532-க்கு 1 கிலோஹெர்ட்ஸில் 10,000 மடங்கு மிச்சம் இருக்கிறது, 100 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்குதான். எனவே டிரான்சிஸ்டர்களைச் சற்றே விழித்த நிலையில் வைக்க பேஸ்களுக்கு நடுவே இரண்டு டயோடுகள் வேண்டும். அந்த டயோடுகளுக்கு மின்னோட்டம் ஊட்ட மேல் சப்ளையிலிருந்து ஒரு மின்தடை, கீழ் சப்ளைக்கு ஒரு மின்தடை. ஆப்-ஆம்ப் இரண்டு டயோடுகளுக்கும் நடுவில் இணைகிறது.

இந்த இரண்டு மின்தடைகளில்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் விழுகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அலை மேல் உச்சியில் இருக்கும்போது என்பிஎன்னின் பேஸ் மின்னோட்டத்தை ஆப்-ஆம்ப் தர முடியாது. டயோடு எதிர்த் திசையில் நிற்கிறது. அது முழுக்க மேல் மின்தடை வழியாகத்தான் வர வேண்டும். பிடி139-இன் மின்னோட்டப் பெருக்கம் 150 மில்லி ஆம்பியரில் குறைந்தபட்சம் 40 என்று டேட்டாஷீட் சொல்கிறது. 141-ஐ 40-ஆல் வகுத்தால் 3.5 மில்லி ஆம்பியர். அந்த நேரத்தில் வெளியீடு 7.07 வோல்ட், எமிட்டர் மின்தடையில் 0.3, பேஸ்-எமிட்டரில் 0.75, ஆக பேஸ் சுமார் 8.1 வோல்ட்டில் இருக்கிறது. மேல் மின்தடைக்கு மிஞ்சுவது 3.9 வோல்ட் மட்டுமே. அங்கே வழக்கம்போல 4.7 கிலோ ஓம் போட்டிருந்தால், பெருக்கம் 40 உள்ள டிரான்சிஸ்டரில் வெளியீடு சுமார் 3.4 வோல்ட்டிலேயே வெட்டுப்பட்டுவிடும். டிரான்சிஸ்டர் ஒன்றரை ஆம்பியர் தாங்கக்கூடியது, சப்ளையும் இருக்கிறது, ஆனாலும் மின்னோட்டம் வராது. டிரான்சிஸ்டரை ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்ப்பவர்கள் இந்த மின்தடையைத் தொடுவதே இல்லை.

சரி, 820 ஓம் போடலாமே? மேல் பக்கம் 4.7 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது, பேஸுக்குப் போதும். ஆனால் அதே நொடியில் கீழ் மின்தடையின் நிலையைப் பாருங்கள். அதன் ஒரு முனை 6.7 வோல்ட்டில், மறுமுனை −12-இல். 18.7 வோல்ட்டை 820-ஆல் வகுத்தால் 23 மில்லி ஆம்பியர். இதில் பெரும்பகுதியை, அதாவது 20-க்கும் மேல், ஆப்-ஆம்ப்தான் தர வேண்டும். எதற்காக டிரான்சிஸ்டரைச் சேர்த்தோமோ அந்தச் சுமை பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது!

மின்தடைகளை எடுத்துவிட்டு நிலையான மின்னோட்ட மூலங்களை வைப்பது இதற்குச் சரியான தீர்வு. மேலே ஒரு பிஎன்பி, கீழே ஒரு என்பிஎன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு டயோடும் ஓர் எமிட்டர் மின்தடையும். ஒவ்வொன்றும் 5 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், அலை எங்கே இருந்தாலும் அந்த 5 மாறாது. பேஸுக்குத் தேவையான 3.5 கிடைக்கிறது, ஆப்-ஆம்ப் ஈடுகட்ட வேண்டியதும் அந்த 3.5 மட்டுமே. டிஎல்072 கூட இதைச் சமாளிக்கும். முதலில் ஒரு சிறிய எமிட்டர் ஃபாலோயர் ஜோடி, அதன் பின்னால் பெரிய ஜோடி என்று நான்கு டிரான்சிஸ்டரில் கட்டும் பஃபரும் (அலையை மாற்றாமல் மின்னோட்டத்தைக் கூட்டித் தரும் சுற்று) நல்ல வழி. அதில் முதல் ஜோடியின் பேஸ்-எமிட்டர் வீழ்ச்சியே இரண்டாம் ஜோடியை விழித்திருக்க வைக்கிறது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, முழு வீச்சில் ஓட்டும்போதுதான் டிரான்சிஸ்டர் அதிகம் சூடாகும் என்பது தவறான எண்ணம். வெளியீட்டின் உச்சம் சப்ளையின் 64 சதவீதத்தில் இருக்கும்போது வெப்பம் மிக அதிகம். அப்போது ஜோடி முழுவதிலும் வீணாகும் திறன் 2 × சப்ளையின் இருமடி ÷ (பை இருமடி × சுமை). ±12 வோல்ட், 50 ஓம் என்றால் 0.58 வாட். ஆளுக்கு 0.3 கூட இல்லை, ஹீட் சிங்க் இல்லாமலே ஓடும். அதையே 8 ஓமுக்கு இணைத்தால் 3.65 வாட், அப்போது ஹீட் சிங்க் கட்டாயம். டயோடுகளையும் டிரான்சிஸ்டரோடு ஒட்டி வைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் சூடேறும்போது அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் குறையும், டயோடு குளிர்ந்தே இருந்தால் ஓய்வு மின்னோட்டம் (அலை இல்லாதபோதும் ஓடுவது) கட்டுமீறி ஏறும்.

ஷார்ட் ஆனால் காப்பாற்ற, அந்த 2.2 ஓமுக்குக் குறுக்கே ஒரு சிறு டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டரைப் போட்டு, அது விழிக்கும்போது பெரிய டிரான்சிஸ்டரின் பேஸைப் பட்டினி போடச் செய்யலாம். 0.65 வோல்ட்டில் விழிக்கும் என்பதால் எல்லை 300 மில்லி ஆம்பியருக்கு அருகில் நிற்கும்.

இத்தனையும் கட்டப் பொறுமை இல்லையா? ஒரே ஐசியில் கிடைக்கிறது. பியுஎஃப்634 250 மில்லி ஆம்பியர் வரை தரும் பஃபர், ஆப்-ஆம்பின் பின்னூட்டத்துக்குள் நேரே அமர்ந்துவிடும். ஆம்பியர் கணக்கில் வேண்டுமென்றால் ஓபிஏ548 இருக்கிறது. மலிவாக முடிக்க நினைப்பவர்கள் டிடிஏ2030 போன்ற ஆடியோ பெருக்கிகளை எடுக்கிறார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதை 1 என்ற கெயினில் வைத்துவிடக் கூடாது. 24 டெசிபெலுக்கு, அதாவது சுமார் 16 மடங்குக்குக் கீழே அது நிலைகுலைந்து தானே அலைய ஆரம்பிக்கும். ஆஸிலேட்டரின் அலையை முதலில் சிறிதாக்கி, அப்புறம் பெருக்க விட வேண்டும். எல்எம்386-க்கும் இதே கதை. கெயின் 20, உள்ளீட்டில் 0.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

சப்ளை, தரை, சுருள்

இரட்டை சப்ளையில் ஒவ்வொரு பக்கமும் தருவது சராசரியாக உச்ச மின்னோட்டம் ÷ பை, நம் கணக்கில் 45 மில்லி ஆம்பியர். ஆனால் அது அரை அலைகளாகப் போகிறது. அரை அலையில் ஏராளமான ஹார்மோனிக்குகள் (அடிப்படை அலைவெண்ணின் மடங்குகள்) உண்டு. டிகப்ளிங் மின்தேக்கிகளின் (சப்ளையைச் சீராக வைக்க அதற்குக் குறுக்கே போடுபவை) தரையும் வீன் பாலத்தின் தரையும் ஒரே மெல்லிய கம்பியில் இருந்தால் அந்த ஹார்மோனிக்குகள் நேரே ஆஸிலேட்டருக்குள் நுழையும். 0.05 ஓம் கம்பியில் 141 மில்லி ஆம்பியர் 7 மில்லிவோல்ட்டை உண்டாக்கும். 7.07 வோல்ட் உச்சத்தோடு ஒப்பிட்டால் 0.1 சதவீதம். 0.01 சதவீதத் திரிபு என்று கனவு காணும் சுற்றுக்கு இது பெரிய அடி. சுமையிலிருந்து திரும்பும் கம்பி, டிகப்ளிங்கின் தரை, ஆஸிலேட்டரின் தரை, மூன்றும் சப்ளையின் ஒரே புள்ளியில் தனித்தனியாக வந்து சேரட்டும்.

ஒற்றை சப்ளை என்றால் வெளியீட்டில் மின்தேக்கி வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் 50 ஓமுக்கு 220 மைக்ரோஃபாரட் போதும், அதன் தடுப்பு 0.7 ஓம்தான். 50 ஹெர்ட்ஸில் அதுவே 14 ஓம் ஆகிவிடும்.

சுமை ஒரு சுருள் என்றால் கணக்கு இன்னும் மாறும். மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடாது. வெளியீடு பூஜ்ஜியத்தைக் கடக்கும் நேரத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும், முழு 12 வோல்ட்டும் டிரான்சிஸ்டரின் தலையில். அதனால் மேலே சொன்ன வெப்பச் சூத்திரத்தை அங்கே நம்பக் கூடாது. நிலையான அலைவெண் என்றால் ஓர் எளிய உபாயம் உண்டு: சுருளுக்கு இணையாக ஒரு மின்தேக்கி. 10 கிலோஹெர்ட்ஸில் 1.6 மில்லிஹென்றி சுருள் 100 ஓமாகத் தெரியும். அதற்கு இணையாக 158 நானோஃபாரட் வைத்தால் சுருள் கேட்கும் மின்னோட்டத்தில் பெரும்பகுதியை மின்தேக்கியே தந்து வாங்கும். சுருளின் கம்பித் தடையில் செலவாகும் பங்கை மட்டும் பஃபர் தந்தால் போதும். பஃபரின் மின்னோட்டம் பல மடங்கு குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் மின்தேக்கிச் சுமையைப் பஃபர்களுக்குப் பிடிக்காது. ஸ்கோப்பில் அலையின் உச்சியில் மட்டும் கோடு தடித்துத் தெரிந்தால், அங்கே பல மெகாஹெர்ட்ஸில் பஃபர் தானே துடிக்கிறது என்று பொருள். வெளியீட்டிலிருந்து தரைக்கு 10 ஓமும் 100 நானோஃபாரடும் தொடராக, டிரான்சிஸ்டர்களின் பேஸில் தலா 22 முதல் 100 ஓம், இவை பெரும்பாலும் அடக்கிவிடும். அடங்காவிட்டால் பின்னூட்டம் எடுக்கும் புள்ளிக்கு வெளியே சில ஓம் தொடராகச் சேர்க்க வேண்டியதுதான், கொஞ்சம் மின்னழுத்தம் இழப்பதைப் பொறுத்துக்கொண்டு.

கட்டி முடித்ததும் சோதனையைச் சுமையோடு செய்யுங்கள். சுமை இல்லாமல் 5 வோல்ட், 50 ஓம் இணைத்ததும் 4.5 என்றால் வெளியீட்டு மின்மறுப்பு 5.6 ஓம். நல்ல பின்னூட்டம் உள்ள பஃபரில் அது ஓர் ஓமுக்கும் வெகு கீழே இருக்க வேண்டும், எனவே எங்கோ பின்னூட்டம் தவறான புள்ளியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. மேல் உச்சி மட்டும் தட்டையானால் மேல் மின்னோட்ட மூலத்தைப் பாருங்கள், கீழ் உச்சி மட்டும் என்றால் கீழே உள்ளதை. இரண்டும் ஒரே அளவில் தட்டையானால் மின்னோட்ட எல்லையையோ சப்ளை மின்னழுத்தத்தையோ தொட்டுவிட்டீர்கள். சுமையின் மின்தடையை இரட்டிப்பாக்கியதும் தட்டை மறைந்தால் மின்னோட்டம், மறையாவிட்டால் சப்ளை.